காட்சியும் காட்டுவோனும்

(மார்கழித் திருவாதிரைத் திருவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

மெய்யன்பர்களே!

ஆடல்வல்லானுக்கு உரிய திருவாதிரைத் திருவிழாவில் அவன் திருமுன்னே கூடியிருக்கின்றோம். இத்திருநாளில் ஐம்பெருஞ் சபைகளையும் நினைந்து போற்றுதல் நம்மனோர் மரபு. திருவாலங்காட்டில் இரத்தினசபை, தில்லையில் கனகசபை, மதுரையில் வெள்ளியம்பலம், திருநெல்வேலியில் தாமிரசபை, திருக்குற்றாலத்தில் சித்திரசபை. முதல் நான்கும் மணியாலும் பொன்னாலும் வெள்ளியாலும் செம்பாலும் பெயர் பெற்றவை. ஐந்தாவது ஒன்றுதான் சித்திரத்தால் பெயர் பெற்றது. அங்கே கூத்தப்பெருமான் ஓவிய வடிவில் எழுந்தருளியிருக்கின்றான். அந்த ஐந்தாவது சபையையும் அதன் அருகே வீழும் அருவியையும் பற்றி இன்று சிறிது சிந்திப்போமாக.

குற்றாலம் என்றவுடன் இக்காலத்தவர் பலருக்கும் நினைவுக்கு வருவது கூத்தன் அல்லன், குளியலே. விடியுமுன் ஊரை விட்டுப் புறப்பட்டு, அருவியில் நனைந்து, உண்டு, கடைவீதியில் பழமும் நொறுக்குத்தீனியும் வாங்கிக்கொண்டு, இருட்டிய பின் வீடு திரும்புவது அவர்தம் திட்டம். இதனை நாம் பழித்துரைக்க வரவில்லை. மலையும் நீரும் கண்டு மகிழ்தல் குற்றமாகாது. குற்றமாயின், திருஞானசம்பந்தப் பெருமான் ஊர்தோறும் சோலையையும் வயலையும் வண்டையும் மந்தியையும் பாடியிருப்பாரா? அவர் திருப்பதிகங்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஒரு பாதியில் அவ்வூரின் இயற்கை எழில் இருக்கும். மறுபாதியில் அங்கு உறையும் இறைவன் இருப்பான். குற்றாலத்துக்கு முதல் திருமுறையில் ஒரு பதிகம் அருளினார். அது போதாதென்று, அத்தலத்துக் குறும்பலாவை முன்னிட்டு இரண்டாம் திருமுறையில் மற்றொரு பதிகமும் அருளினார். ஒரு மரத்தடிக்குத் தனிப்பதிகம் தந்த பிள்ளையார், இயற்கைக் காட்சியை வேண்டாதவராக இருந்திருக்க முடியுமா?

ஆகவே காணப் போவதில் பிழையில்லை. காண்பது எது, காட்டுவது யார் என்பதே கேள்வி.

நம் சித்தாந்தம் இதற்குத் தெளிவான விடை கூறுகின்றது. கண்ணுக்குத் தானே காணும் ஆற்றல் இல்லை. உயிர் கண்ணோடு கூடி நின்று காட்டினால்தான் கண் காணும். அதுபோல உயிரும் தானே எதனையும் அறியமாட்டாது. இறைவன் உயிரோடு உடனாய் நின்று அறிவித்தால்தான் உயிர் அறியும். அறிவிப்பதோடு நில்லாமல், உயிரோடு ஒன்றாய் நின்று தானும் உடன் அறிகின்றான். இவ்விரண்டனையும் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று ஆசிரியர்கள் வகுத்துரைப்பர். இக்கொள்கையை ஏட்டில் படிப்பது எளிது. மலைச்சாரலில் ஒரு நாள் நின்று உணர்வது வேறு.

திருக்குற்றாலத்து அருவி பிறக்கும் முறையை முதலில் பார்ப்போம். ஆனி, ஆடித் திங்கள்களில் தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெயிலில் வாடிக்கொண்டிருக்கும். அப்போது தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து நீரை முகந்துகொண்டு வந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மலையாள நாட்டில் பெருமழையாகப் பொழிகின்றது. மலைச்சுவர் உயர்ந்து நிற்பதால் இப்புறத்து ஊர்கள் பலவற்றுக்கு அம்மழை எட்டுவதில்லை. ஆனால் செங்கோட்டைக்கு அருகே ஆரியங்காவுக் கணவாய் என்னும் இடைவெளி ஒன்று உண்டு. அதன் வழியே ஈரக்காற்று நுழைந்து வருகின்றது. தென்காசியிலும் குற்றாலத்திலும் மெல்லிய தூறல் விழுகின்றது. அதனையே மக்கள் சாரல் என்று கொண்டாடுகின்றனர். திரிகூடமலையின் மேல் பெய்த நீர், மூலிகைக் காடுகளினூடே வழிந்து, சிற்றாறாகிப் பேரருவியாக வீழ்கின்றது.

சுவர் முழுதும் அடைத்திருந்தால் சாரல் இல்லை. சுவரே இல்லையெனில் மழையைத் தடுத்துப் பொழிவிக்கும் மலையும் இல்லை. அடைப்பும் வேண்டும், அடைப்பில் ஒரு வழியும் வேண்டும். இதனை மனத்தில் கொள்ளுங்கள்.

அடுத்து, அருவி வீழும் முறை. பேரருவியின் நீர் உச்சியிலிருந்து நேரே நம் தலைமேல் வீழ்வதில்லை. இடையிலே பாறையில் ஆழ்ந்த குழிவு ஒன்று இருக்கின்றது. அதற்குப் பொங்குமாங்கடல் என்று பெயர். மேலிருந்து சீறி வரும் வெள்ளம் முதலில் அதனுள்ளே வீழ்ந்து, சுழன்று, பொங்கி, வேகம் தணிந்து, பின்னர் அதன் விளிம்பைக் கடந்து பரவலாக வழிகின்றது. அவ்வாறு வழியும் நீரைத்தான் நாம் தலையில் ஏற்கின்றோம். தளர்ந்த முதியோரும் தாயின் கையைப் பிடித்த குழந்தையும் ஓர் அருவியின் கீழ் அச்சமின்றி நிற்க முடிகின்றதென்றால், மேலே ஒரு பள்ளம் அவ்வடியை வாங்கிக்கொள்வதால்தான்.

சென்ற ஆனித் திங்களில் அடியார் கூட்டம் ஒன்றுடன் நாமும் ஒரு பகற்பொழுது திருக்குற்றாலம் சென்றிருந்தோம். முதல்நாள் இரவு மலையில் கனத்த மழை. நாம் சென்றடைந்தபோது வெள்ளம் பாதுகாப்பு வளைவையும் தாண்டிக் கொட்டிக்கொண்டிருந்தது. காவலர்கள் கயிறு கட்டி நின்று, ஒருவரையும் அருவிப்பக்கம் விடவில்லை. கூட்டத்தில் ஒரு மூதாட்டியார். வாழ்நாளில் முதன்முறையாகக் குற்றாலம் காண வந்தவர். மாற்றுப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் அமர்ந்துவிட்டார். “இத்தனை தொலைவு வந்தும் தலையில் ஒரு துளி விழவில்லையே, ஐயா” என்று நம்மிடம் வருந்தினார். அவருக்கு ஆறுதல் கூறச் சொல் தேடிக்கொண்டிருந்தோம்.

அருகில் பூக்கூடையோடு அமர்ந்திருந்த ஓர் அம்மையார் முந்திக்கொண்டார். “அம்மா, நித்தமும் மேலே பொங்குமாங்கடல் அடியை வாங்கிக்கிட்டு நமக்குத் தண்ணியை மட்டும் கொடுக்குது. இன்னிக்கு அதுக்கே கொள்ளலை. அது கொள்ளாத நாளிலே நாங்களும் உள்ளே போறதில்லை. சாமியைப் பார்த்துட்டு வாங்க” என்று சொல்லி, ஒரு முழம் பூவையும் அளந்து கொடுத்தார்.

அன்பர்களே! சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கினையும் பாடம் கேட்டவர்களும் இதனினும் எளிதாகத் திரோதானத்தை விளக்கிவிட முடியாது.

திரோதானம் என்பது யாது? இறைவன் செய்யும் தொழில்கள் ஐந்து. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்பன அவை. கூத்தப்பெருமான் திருமேனியிலே இவ்வைந்தும் விளங்குவதை உண்மை விளக்கம் என்னும் நூல் உணர்த்துகின்றது. உடுக்கை ஏந்திய கையில் படைப்பு. அமைத்த கையில் காப்பு. தீ ஏந்திய கையில் அழிப்பு. ஊன்றிய திருவடியில் மறைப்பு. தூக்கிய திருவடியில் அருள். இவற்றுள் நான்கினை மக்கள் எளிதில் ஒப்புக்கொள்வர். மறைத்தல் என்பதைக் கேட்டவுடன் மட்டும், “அருளே வடிவானவன் ஏன் மறைக்கவேண்டும்? தன்னை ஏன் ஒளித்துக்கொள்ளவேண்டும்? கேட்டதை ஏன் தராமல் தடுக்கவேண்டும்?” என்று வினவுவர்.

பொங்குமாங்கடலை நினைத்துப் பாருங்கள், விடை கிடைக்கும். உச்சியில் உள்ள வெள்ளம் முழுவதும் ஒரே வீச்சில் நம்மேல் வீழ்ந்தால் அது அருவியன்று, அழிவு. இடையிலே அது மறைக்கப்படுகின்றது. மறைக்கப்படுவதால்தான் நமக்குக் கிடைக்கின்றது. நம் வினை முழுவதும் ஒரே நாளில் நம்மேல் வந்து விழுந்தால் தாங்குவோமா? சென்ற பிறவிகளின் நினைவெல்லாம் ஒரு நொடியில் திரண்டு வந்தால் உறங்குவோமா? நாளை வரவிருப்பதெல்லாம் இன்றே தெரிந்துவிட்டால் ஒரு கவளம் சோறு உள்ளே இறங்குமா? அடுப்பிலிருந்து இறக்கிய பாலைத் தாய் அப்படியே குழந்தையின் வாயில் ஊற்றுவதில்லை. குழந்தை அழுகின்றது, கையை நீட்டுகின்றது, தாயோ இந்தக் குவளையிலிருந்து அந்தக் குவளைக்கு மாற்றி மாற்றி ஆற்றிக்கொண்டிருக்கின்றாள். குழந்தையின் பார்வையில் அவள் தர மறுப்பவள். உண்மையில் அவள் தந்துகொண்டிருப்பவள்.

கங்கையைச் சடையில் ஏற்ற வரலாறும் இதுவே அன்றோ! பகீரதன் தவத்துக்கு இரங்கி வானிலிருந்து இறங்கிய கங்கை, உலகையே அடித்துச் செல்லும் வேகத்தோடு வந்தது. பெருமான் அதனைத் தன் சடையில் வாங்கி, அடக்கி, மறைத்து, உலகம் தாங்கும் அளவே விடுத்தான். சடையில் மறைந்த கங்கைதான் பின்னர் நிலத்தில் பாய்ந்தது. மறைப்பு அருளுக்குப் பகையன்று, அருளின் முதற்படி. ஊன்றிய திருவடி ஒன்று இருப்பதால்தான் தூக்கிய திருவடி ஒன்று இருக்க முடிகின்றது.

இனி, அன்று நாம் கண்ட மற்றொன்றையும் கூறுகின்றோம். அருவிக்குள் நிற்பவர் அருவியைக் காண்பதில்லை. கண்ணை மூடிக்கொள்கின்றார், காதில் இரைச்சல் நிறைகின்றது, மூச்சு முட்டுகின்றது. நனைகின்றார்; மகிழ்கின்றார்; ஆயினும் காண்பதில்லை. குளிக்கத் தடையில்லாத நாள்களில் ஆயிரவர் அருவிக்குச் சென்று, அருவியைக் காணாமலே திரும்புகின்றனர். கரையில் நிற்பவருள்ளும் பலர் இந்நாளில் அருவிக்கு முதுகைக் காட்டி நின்று, கைப்பேசியில் தம் முகத்தையே பார்த்துக்கொள்கின்றனர். அன்றோ, கயிற்றுக்கு இப்பால் நிறுத்தப்பட்ட காரணத்தால், நம் கூட்டத்தார் அனைவரும் நெடுநேரம் நிமிர்ந்து நின்று அருவியைக் கண்டனர். பாறையின் கருமையும் நீரின் வெண்மையும், இடையிடையே காற்றில் கலைந்து எழும் நீர்த்திவலையும், அதன் மேலே முகில் தவழும் மலையும் கண்டனர். குளியலை இழந்தவர்க்குக் காட்சி கிடைத்தது.

அதன் பின்னர், அருவியின் அருகிலேயே சங்கின் வடிவில் அமைந்த திருக்கோயிலுள் சென்று, திருக்குற்றாலநாதரையும் குழல்வாய்மொழி அம்மையையும் வழிபட்டோம். அங்கிருந்து சிறிது தொலைவில் தனித்து விளங்கும் சித்திரசபைக்குச் சென்றோம். எதிரே திருக்குளம், உள்ளே சுவரெங்கும் ஓவியங்கள், நடுவே ஓவியமாகவே ஆடும் பெருமான். மற்றச் சபைகளில் திருமேனிக்கு நீராட்டலாம், மாலை சூட்டலாம், தேரில் எழுந்தருளச் செய்யலாம். ஓவியத்தில் எழுந்தருளிய பெருமானை இவ்வாறு நீராட்டுதல் இயலாது. அவனை நாம் காணலாம், நம்மை அவன் காணலாம், அவ்வளவே. காட்சியே அங்கு வழிபாடு. காலையில் அருவியின் முன் எதனைப் பயின்றோமோ அதனையே பிற்பகலில் சித்திரசபையிலும் செய்தோம். தொடாமல், துய்க்காமல், தள்ளி நின்று காணுதல்!

ஓர் ஓவியத்தைக் கண்டவன் ஓவியனை நினையாமல் இருப்பானா? உலகம் என்னும் இவ்வளவு பெரிய காட்சியைக் கண்டு, இதனைத் தோற்றுவித்தவன் ஒருவன் உளன் என்று தெளிவதைத்தான் மெய்கண்டார் தம் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களுள் முதல் சூத்திரமாக வைத்தார். இறையுண்மையை நிறுவப் புகுந்தவர் உலகத்திலிருந்தே தொடங்கினார் என்பதை நாம் மறத்தலாகாது. மலையைக் காணச் செல்வது சைவனுக்குப் பொழுதுபோக்கு மட்டுமன்று. முதற்பாடத்தை மீண்டும் ஓதுவதுமாகும்.

ஆனால், அன்பர்களே, காட்சியின் இனிமையில் மயங்கி ஓர் உண்மையை மறந்துவிடக் கூடாது. 2024-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் மக்கள் மகிழ்ந்து நீராடிக்கொண்டிருந்தபோது, திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்து வந்தது. பலர் ஓடித் தப்பினர். 17 வயதுடைய ஒரு சிறுவனை அவ்வெள்ளம் கொண்டுசென்றுவிட்டது. பள்ளி விடுமுறையில் உறவினரோடு இன்பமாக ஒரு நாளைக் கழிக்க வந்த பிள்ளை! அப்பெற்றோரிடம் சென்று மறைப்பும் அருள் என்று விரித்துரைக்க எவருக்கும் வாய் வராது, வரவும் கூடாது. தத்துவம் நம் துன்பத்தை நாமே தாங்கிக்கொள்வதற்கு. பிறர் துன்பத்தை அளந்து தீர்ப்புக் கூறுவதற்கன்று. அவ்விடத்தில் நாம் செய்யத்தக்கது உடன் அழுவதும், இயன்ற துணையாய் நிற்பதும், அப்பிள்ளையின் பொருட்டு இறைவன் திருவடியை நினைவதுமே. அன்று முதல், காவலர் கட்டும் கயிற்றைக் காணும்போதெல்லாம் நமக்கு வெறுப்பு எழக்கூடாது. யாரோ ஒரு தாயின் பிள்ளைக்காகக் கட்டப்பட்ட கயிறு அது.

இங்கே நம் அருளாசிரியர் இருவர் நினைவுக்கு வருகின்றனர். திருநாவுக்கரசர் திருவங்கமாலையில், உயிரைக் கொண்டுபோகும் பொழுது நமக்கு உறவென்று நிற்பவர் யார் என்று வினவி, குற்றாலத்தில் உறையும் கூத்தனையன்றி வேறு எவருமில்லை என்று விடையளிக்கின்றார். எத்தனையோ தலங்கள் இருக்க, உயிர் பிரியும் நேரத்தைச் சொல்லும் இடத்தில் குற்றாலத்தை நினைந்தார். மணிவாசகப் பெருமானும் திருவாசகத்தில் அதே குற்றாலத்துக் கூத்தனை அழைத்து, உறவும் வேண்டேன், ஊரும் வேண்டேன், புகழும் வேண்டேன் என்று ஒவ்வொன்றாக விலக்கி, இறுதியில் ஒன்றே ஒன்றை வேண்டுகின்றார். கன்றை ஈன்ற பசுவின் மனம்போலக் கசிந்து உருகுவதே அவர் வேண்டியது. ஒருவர் உறவு எது என்று கேட்டார். மற்றவர் உறவே வேண்டேன் என்றார். இருவரும் சென்றடைந்த இடம் ஒன்றே.

கசிவை வேண்டிய இடமும் எத்துணைப் பொருத்தமானது! குற்றாலத்து மலை கல்தான். ஆயினும் அதன் ஒவ்வோர் இடுக்கிலும் நீர் கசிகின்றது. கல்லே கசியும் இடத்தில் நின்றுகொண்டு நெஞ்சு கசியவில்லையென்றால், நாம் கல்லினும் கடியோம் என்றன்றோ ஆகும்?

அன்று மாலை திரும்பும் வழியில், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தென்காசியில் காசி விசுவநாதப் பெருமானை வணங்கினோம். அத்திருக்கோயில் பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டிய மன்னனால் எழுப்பப்பெற்றது. அம்மன்னன் கல்லில் வெட்டுவித்த வேண்டுகோள் ஒன்று உண்டு. பிற்காலத்தில் இக்கோயிலில் பழுது நேர்ந்து, அதனைத் திருத்திக் காப்பவர் எவராயினும், அவர் திருவடியைத் தான் பணிவதாக அதில் உரைத்திருக்கின்றான். முடியணிந்த வேந்தன், முகம் அறியாத ஒருவர் காலில், அவர் பிறப்பதற்கு முன்னரே விழுந்துவிட்டான்!

அவ்வணக்கம் கோயிலைக் காப்பவருக்கு மட்டுமா? அருவியைக் காப்பவருக்கும் உரியதென்றே நாம் கொள்ளலாம். பேரருவியில் நம் தலையை நனைத்த நீர் அங்கேயே முடிந்துவிடுவதில்லை. அது சிற்றாறாக ஓடி, வழிநெடுக வயல்களுக்கும் குளங்களுக்கும் பாய்ந்து, சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலக்கின்றது. நாம் குளித்து விடும் நீர் கீழே ஒருவருக்குப் பயிர்நீர், மற்றொருவருக்குக் குடிநீர். எண்ணெயும் சவர்க்காரமும் பிளாஸ்டிக் பைகளும் அதில் விடுவோமாயின், மேலே மலை நமக்குத் தூயதாகத் தந்ததை நாம் கீழே உள்ளவருக்கு அழுக்காக்கித் தருகின்றோம் என்பதே பொருள். பொங்குமாங்கடல் கொடுமையை வாங்கி நன்மையைத் தருகின்றது. நாமோ நன்மையை வாங்கிக் கொடுமையைத் தருவதா?

எனவே, அன்பர்களே, மலைக்கோ அருவிக்கோ கடற்கரைக்கோ ஒரு நாள் செல்லுங்கள், குடும்பத்தோடு செல்லுங்கள், மகிழுங்கள். செல்லும்போது மூன்றினைக் கடைப்பிடியுங்கள். முதலாவது, அவ்விடத்து இறைவனை முதலில் வணங்குங்கள்; காட்சியைக் காட்டுவோன் அவன். இரண்டாவது, ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், பேசாமலும் படம் எடுக்காமலும் அமர்ந்து காணுங்கள். மூன்றாவது, வீடு திரும்பி உறங்குமுன், அன்று கிடைத்ததை மட்டும் எண்ணாமல், கிடைக்காமல் போனதையும் எண்ணிப் பாருங்கள். மழை வந்து மறைத்த மலையும், கயிறு கட்டித் தடுத்த அருவியும், நடை சாத்தியிருந்த கோயிலும் உங்களுக்கு ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கும். கிடைத்தது மகிழ்விக்கும், கிடைக்காதது நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கும்.

அந்த மூதாட்டியார் என்ன ஆனார் என்று உங்களுள் சிலர் நினைக்கலாம். சித்திரசபையிலே, பூக்கார அம்மையார் அளந்து தந்த பூவைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் இமையாமல் நின்றார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. தலையில் ஒரு துளி விழவில்லையே என்று வருந்தியவருக்கு, கூத்தன் உள்ளிருந்தே ஓர் அருவியைக் காட்டினான் என்றுதான் நாம் கொண்டோம்.

இன்று நம் எதிரே ஆடும் பெருமானின் தூக்கிய திருவடியை அனைவரும் வணங்குகின்றோம். அதனோடு, நிலத்தில் ஊன்றிய அந்தத் திருவடியையும் ஒருமுறை கண்ணாரக் கண்டு வணங்குங்கள். நமக்கு மறுக்கப்பட்டனவும் தாமதிக்கப்பட்டனவும் மறைக்கப்பட்டனவும் அத்திருவடியின் கீழே காவலில் இருக்கின்றன. நாம் தாங்கும் காலம் வரும்போது அவன் தருவான். அதுவரையில் தாங்குபவன் அவனே.

திருச்சிற்றம்பலம்.